ஓரத்தில் நின்றவள்

சாத்தூரில் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டும் கடை அது. மாஸ்டர் செண்பகவல்லி. சிஷ்யன் இருளப்பன் வயதில் அவளுக்கு மூத்தவன். வேலை பார்த்த போட்டோ லேப் மூடிவிட்டதால் தொழில் கற்க வந்தவன். அவள் அவனை அண்ணாச்சி என்பாள், அவன் அவளை மாஸ்டர் என்பான்.

ஒருநாள் அவன் கேட்டான்.

"மாஸ்டர், படத்தை அகலமா எடுக்கோம். ஒரு வீட்டுல சுவர் நிறைய டிவி, இன்னொரு வீட்டுல பழைய டப்பா டிவி. எதுக்குன்னு சரி பண்ண?"

"இந்த டிஸ்க் யாருக்கு?"

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு. டப்பா டிவிதான். அப்படியே போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும். பெரியப்பா என்னைக் கொன்னே போட்டுருவாரு. அதான் ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டேன். இப்ப டிவி நிறைய வருது."

மாப்பிள்ளையின் பெரியப்பா சங்கிலிமாடனுக்கு ஊரே நடுங்கும். கல்யாணக் காரியத்தில் கறுப்பு ஆகாதாம். மண்டபத்தில் லைட்டுக்கு வைத்த கறுப்புக் குடையைத் தெருவில் தூக்கி எறிந்த மனுசன். இத்தனைக்கும் அவர் மீசைக்குப் பூசுவதும் கறுப்பு மைதான். யார் போய்ச் சொல்வது?

கடையிலும் ஒரு டப்பா டிவி கிடந்தது. மாஸ்டர் அதில் டிஸ்க்கைப் போட்டாள். தாலி கட்டும் இடம் வந்தது.

"அம்மா எங்க அண்ணாச்சி?"

இருளப்பன் குனிந்து பார்த்தான். புருசன் இல்லாதவள் என்று அந்த அம்மாவை மணவறைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. தூணோரமாய் நின்று மகனைப் பார்த்து அட்சதை போட்டாள். இப்போது அட்சதை மட்டும் எங்கிருந்தோ பறந்து வந்து விழுந்தது. போட்ட கையைக் காணோம்.

"தம்பி, நான் படத்துல விழுறேனா?" என்று கல்யாணத்தன்று அந்த அம்மா கேட்டாள். "நல்லா விழுறீங்கம்மா" என்று சொன்னவன் அவன்தான்.

"ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாப்போமா மாஸ்டர்? வெட்டாம, பட்டையும் இல்லாம?"

"பாருங்க."

அமுக்கினான். பொண்ணும் மாப்பிள்ளையும் மாசக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவர்கள் மாதிரி ஒடுங்கிப்போனார்கள். அவனே நிறுத்தினான்.

"பட்டையோடயே போட்டா, பெரியப்பா விடுவாரா?"

"போடுங்க. குடுக்கப் போறப்ப நானும் வாரேன்" என்றாள் மாஸ்டர்.

டிஸ்க்கோடு மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். இருக்கிற ஒரு வேலையும் போய்விட்டால் எங்கே போவது? திரும்பிவிடலாமா என்று ரெண்டு தடவை கேட்டான். மாஸ்டர் நிற்காமல் நடந்தாள்.

அம்மா வீட்டில் சொந்தபந்தம் கூடியிருந்தது. நடுவில் நாற்காலியில் சங்கிலிமாடன். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். இருளப்பன் டிஸ்க்கைப் போட்டான். கையிலிருந்து ரிமோட் நழுவிக் கீழே விழுந்தது.

படம் வந்தது. மேலே கறுப்பு, கீழே கறுப்பு.

"எவம்லே கறுப்பு வச்சது?" நாற்காலி பின்னால் சாய, அவர் எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துக்குக் கறுப்பா? விளங்குமாலே?"

இருளப்பன் மாஸ்டர் பக்கம் ஒதுங்கினான்.

அதற்குள் தாலி கட்டும் இடம் வந்துவிட்டது. அம்மா கிட்டே வந்து டிவி கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இந்தா இருக்கேன்" என்றாள். "ஏ அய்யா, நான் இருக்கேன்ல!"

சங்கிலிமாடன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இருளப்பனின் சட்டையைப் பிடித்தார்.

"கறுப்பை எடுக்க முடியுமா, முடியாதா?"

மாஸ்டர் கீழே கிடந்த ரிமோட்டை எடுத்து படத்தை அப்படியே அந்த இடத்தில் நிறுத்தினாள். அம்மாவின் விரல் இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது.

"முடியும் பெரியவரே. எடுத்தா அந்த அம்மாவும் சேந்து போயிருவாக. அவுக முகத்தைப் பாத்து 'எடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துருதேன்."