மூன்றாம் நம்பரில் தெரிந்த கடல்

எங்கள் மலையில் ஜூலை மாதப் பனிமூட்டம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கிளை நூலகத்தின் மாடிப்படி ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, மூன்று கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். உறுப்பினர் அட்டை இல்லாமல் அங்கே நுழைவது அது ஒன்றுதான்.

அந்த மாடியைப் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் ஊருக்கே டீச்சர். அவளிடம் ஒரு மாதமாகச் சீடராக இருந்தவர் உலகநாதன். வயது நாற்பத்தாறு.

அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியில் அப்பாவுக்குப் பிறகு அவரும் இலை எடை போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரலில் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி என்று அரசாங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பயிற்சியின் பெயரை எழுத அதில் ஒரே ஒரு கட்டம். ஒரு தடவை எழுதினால் மாற்ற முடியாது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

தினமும் பத்து மணிக்கு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காருவார். எதையும் தேடமாட்டார். வீடியோப் பக்கத்தைத் திறந்தால் அதுவே வரிசையாகக் காட்டும், காட்டுவதைப் பார்ப்பார். முதலில் தேனீ வளர்ப்பு. அப்புறம் கேக் அலங்காரம். பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது. பார்த்ததெல்லாம் தூக்கத்திலும் வந்தது.

"நேத்து கிரேன் மேல உக்காந்திருந்தேன் டீச்சர்" என்றார் புதன்கிழமை.

"எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடி ரூம். கீழ கடல். சத்தமே இல்ல. நான் கையை அசைச்சா கப்பல்ல இருக்கிற பெட்டி எழும்பி வருது. அப்படியே மிதக்குது. குனிஞ்சு பாத்தா கடலுக்குள்ள நம்ம தேயிலைத் தோட்டம்."

"பயமா இல்லையா?"

"கனவுல இல்ல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அதையே எழுதிடலாமான்னு பாக்கறேன். நான் கேக்காமலே பத்து நாளா இதைத்தான் காட்டுது. என் மனசு அதுக்குத் தெரியுது. மெஷின் தப்புப் பண்ணுமா டீச்சர்?"

ஜெசிந்தா மேலே பார்த்தாள். ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அந்த ஸ்டூல்ல ஏறி இதைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க."

"முழங்கால் வலி டீச்சர். ஏற முடியாது."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வருகிற முழங்கால் அது. அவள் தானே ஏறி மாற்றினாள். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒண்ணாம் நம்பர்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். பஃப் கை வைத்த ஜாக்கெட் தைப்பது எப்படி என்று ஒன்றாம் நம்பர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அடுத்து, பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு குறைய ஐந்து பயிற்சிகள்.

"இதெல்லாம் யாருக்கு டீச்சர்?"

"உங்க மனசு அதுக்கும் தெரியுமே."

சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறியது. மெதுவாகத்தான் புரியும் அவருக்கு, ஆனால் புரிந்தால் முழுசாகப் புரியும்.

"அப்ப மூணாம் நம்பர்ல..."

"தேனீ, அதே மெஷின்ல ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் பாக்கறது. கேக், பேக்கரி கமலி."

"கிரேன்?"

"ராக்கு அக்கா. நீங்க மதியம் சாப்பிடப் போனதும் வருவாங்க. வீட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் ஓட்டறார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வர்றார். அவர் உக்காந்திருக்கிற எடம் எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போவாங்க."

உலகநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. பத்து நாளாக இன்னொருத்தியின் ஏக்கத்தில் ஏறி உட்கார்ந்து கப்பல் பார்த்திருக்கிறார். ஆனால் வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கடல் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"மெஷின் தப்புப் பண்ணுமான்னு இன்னைக்குத்தானே கேட்டீங்க."

"அப்ப என்னோடது எதுல இருக்கு?"

அவள் அவரை மூன்றாம் நம்பருக்கே திரும்பக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். ராக்குவின் கிரேனை அழிக்காமல், யாருடைய பழைய தேடலும் ஒட்டாத புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு சின்னக் கோடு தோன்றித் தோன்றி மறைந்தது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் மரமும் இல்லை, ரோடும் இல்லை. எது ஜன்னல், எது திரை என்று கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் காட்டலையே."

"அதுக்கு உங்களைத் தெரியாது."

"நான் என்ன கேக்கணும்?"

"கேக்க வேண்டாம். சொல்லுங்க. உங்களைப் பத்தி உண்மையா ஏதாவது ஒண்ணு."

அவர் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. மதியம் ராக்கு வந்தாள். தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துச் சத்தமில்லாமல் இரண்டாம் நம்பருக்குப் போனாள். ஜெசிந்தா அங்கே அவளுக்குத் துறைமுகத்தைத் தேடிக் கொடுத்தாள். கிரேன் நகரும் சத்தம் மெல்லக் கேட்டது. உலகநாதன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ராக்கு எழுந்து போன பிறகு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார்.

ஏணியில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும்.

வீட்டில் ஓடு மாற்றப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தனக்கு முழங்கால் வலி என்று சொல்லியே இருபது வருஷம் ஓட்டிவிட்டவர். மனைவி இன்றைக்கும் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள்.

ஜெசிந்தா அவருக்குப் பின்னால் நின்று படித்தாள். சிரிக்கவில்லை.

"இதைப் போயா டீச்சர் படிவத்துல எழுத முடியும்?"

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குண்ணே. அடுத்ததைச் சொல்லுங்க."