ஏரியைப் படம் மாதிரி ஆக்கின கதை

இந்தக் கதைய நான் ரொம்ப வருஷமா நம்பவும் முடியாம, விடவும் முடியாம வெச்சிருக்கேன் பாப்பா. எங்க தாய்மாமா சொன்னது. அழகான இடத்தைப் பாத்தா "படம் மாதிரி இருக்கு"ன்னு சொல்றோமே, அந்தப் பேச்சு வந்த கதை. நீ "ம்" கொட்டிக்கிட்டே வா.

ஒரு ஊர்ல ஒரு ஏரி. கரையில ஒரே ஒரு குடிசை. அதுல வெள்ளச்சின்னு ஒருத்தியும், அவளோட நாலு எருமையும். ஏரி மடையைத் திறந்து மூடுறது அவ வேலை.

அந்த ஊர் ஜமீன்தாருக்கு ஏரியை வரைஞ்சு மாளிகைச் சுவர்ல மாட்டணும்னு ஆசை. மாசிலாமணின்னு ஒரு ஓவியர் வந்தார். வெள்ளச்சி வாசல்ல உக்காந்து வரைஞ்சார், அதனால குடிசை படத்துல விழல. அவ குடுத்த மோரைத்தான் தினமும் குடிச்சார். அந்த ஓவியருங்க வழக்கம் என்னன்னா, உயிருள்ளதுக்கு நல்ல நாள் பாத்து, பூசை போட்டு, கடைசியாத்தான் கை வைப்பாங்க. அதனால அவளுக்கும் எருமைக்கும் இடம் மட்டும் விட்டிருந்தார்.

ம்?

நல்ல நாள் வரதுக்குள்ள ஜமீன் ஆள் வந்து படத்தைச் சரக்குனு எடுத்துட்டுப் போயிட்டான். ஜமீன்தார் பாத்துச் சொக்கிப்போனார். மாசிலாமணிக்குப் பட்டுச் சால்வை போத்தினார். அப்புறம் ஏரியை நேர்ல பாக்க வந்தார். மூஞ்சி சுருங்கிப்போச்சு. படத்துல இல்லாததெல்லாம் இங்க இருக்கே!

மறுநாள் ஆள் வந்தான். எருமை படத்துல இல்லைன்னான். தடதடன்னு நாலையும் ஓட்டிட்டுப் போயிட்டான்.

எங்கயா? அதை யாரும் கேக்கலியே பாப்பா.

ரெண்டாம் நாள், புகை படத்துல இல்லைன்னு அடுப்புல தண்ணிய ஊத்தினான். புஸ்ஸ்ஸ். மூணாம் நாள் கடப்பாரையோட வந்தான்.

அப்போ வெள்ளச்சி கேட்டா, "ஏண்டா, மடை திறக்குற கை அந்தப் படத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் தண்ணி மட்டும் யாரு காவல்லடா நிக்குது?"

அவன் கடப்பாரையை ஓங்கினான். மடமடமடன்னு கூரை சரிஞ்சுது. மாசிலாமணி சால்வையோட பக்கத்துலதான் நின்னார். ஒருத்தி குடியிருந்த வீடு. கண்ணுக்கு உறுத்துதாம்!

அப்புறம் அவ மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தா. எங்க போறேன்னு வழியில கேட்டாங்க. "ஏரியைப் படம் மாதிரி ஆக்கிட்டாங்க"ன்னா. அவ அதைத் திட்டாத்தான் சொன்னா. மாளிகைக்கு வந்த விருந்தாளிங்க ஜன்னல் வழியா பாத்து அதையே பாராட்டாச் சொன்னாங்க. வெக்கமில்லாம நாமளும் சொல்றோம்.

அவ்வளவுதான், கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.

"ம்" காணோம். தூங்கிட்டியா?

போன மாசம் மாமாகிட்ட கேட்டே கேட்டுட்டேன். "மாமா, மூணாம் நாள் அந்த ஓவியர் பக்கத்துலதானே நின்னாரு? படம் இன்னும் முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன தடுத்துச்சு?"