இடுப்புயரப் பாத்தி

முதுகு வளையாதவர்களை அந்த ஊரில் புலிக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நடந்த தப்பு அதுதான்.

ஏன் என்று உடனே கேட்காதீர்கள். சொல்கிறேன். ஒரு ஊரிலே எல்லாரும் காய்கறித் தோட்டக்காரர்கள். ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊர் மணியக்காரன் தொந்தியைத் தடவிக்கொண்டு ராஜாவிடம் போனான். "கிழடுகள் தோட்டத்திலே களை மண்டிக் கிடக்கு மகாராஜா. அதைப் பார்த்துத்தான் மழை திரும்பிப் போகுது" என்றான். ராஜா நம்பிச் சட்டம் போட்டார். ஊரும் நம்பியது. மழை களையைப் பார்த்தா பெய்யும்? ஒருத்தனும் கேட்கவில்லை.

அதிலிருந்து மார்கழி பிறந்தால் மணியக்காரன் வயசானவர் ஒருத்தர் தோட்டத்துக்கு ஓட்டைப் பானையோடு வருவான். பானைத் தண்ணீர் ஒழுகித் தீர்வதற்குள் ஒரு பாத்தியில் களை எடுத்து விதை போட வேண்டும். முடியாவிட்டால் தோட்டம் அவனுக்கு. ஆள் காட்டுக்கு.

முதல் வருஷம் பொன்னுரங்கம் போனார். புலி ஒரு தரம் உறுமியது. இரண்டாம் வருஷம் அவர் தங்கை செல்லக்கிளி போனாள். புலி ஒரு தரம் உறுமியது. மூன்றாம் வருஷம் காது கேளாத ராக்கன் போனார். புலி ஒரு தரம் உறுமியது. அவருக்கு மட்டும் கேட்டிருக்காது.

அந்த உறுமலுக்கப்புறம் வேலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை; அடுத்த முறை அவளுடையது. எழுபது வயசு. ஒண்டிக்கட்டை. அரண்மனைக்குக் கீரை அவள் தோட்டத்திலிருந்தும் போகும். ஆனால் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், நிமிர்த்த ஆள் வேண்டும். மாடு கத்தினாலும் அவளுக்குப் புலி. வேலி ஆடினாலும் புலி. பசியில் தன் வயிறு இரைந்தாலும் புலி.

ஆடி மாசத்தில் ஒரு நாள் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலிக்கு வெளியே ஒருத்தன் போனான். கல்லைக் கண்டால் அடுக்கிச் சுவர் வைக்கிறவன். உள்ளே வயல் இருக்காது, மாடு இருக்காது, சுவர் மட்டும் இருக்கும். ஊர் அவனை அரைக்கிறுக்கன் என்றுதான் கூப்பிடும்.

"என்ன ஆத்தா, ஆமை மாதிரி நிக்கிறே?"

"தூக்கி விடுடா கிறுக்கா. மார்கழி வந்தா நான் புலிக்கு இரை."

தூக்கி விட்டான். மண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.

"உன்னாலே மண்ணுக்கு இறங்க முடியலே. மண்ணை மேலே வரச் சொல்லேன்."

"மண்ணுக்குக் காலா இருக்கு?"

"நான் வைக்கிறேன் கால்."

அப்புறம் மூன்று பாத்திக்கு இடுப்புயரத்துக்குச் சுவர் வைத்தான், அடியில் உடைகல் போட்டான், அதன்மேல் சருகு, அதன்மேல் சாணியும் குளத்து வண்டலும். அகலம்? "இந்தப் பக்கம் நின்னு கையை நீட்டு ஆத்தா. விரல் எட்டின இடம்தான் பாத்திக்கு நடுமத்தி" என்றான்.

மணியக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன கிழவி, உனக்குச் சமாதியா? மூணு எதுக்கு? ஒண்ணு போதாதா?" சிரித்தான். வேலாத்தாள் கையிலிருந்த கூடை கீழே விழுந்தது.

ஐப்பசியில் அடைமழை. ஊர்த் தோட்டமெல்லாம் தண்ணீர் நின்று வேர் அழுகியது. வேலாத்தாள் பாத்தியில் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக வடிந்து போனது. அரண்மனைக்கு அவள் கீரை ஒன்றுதான் போயிற்று. அந்த அதிசயத்தைப் பார்க்க மார்கழி முதல் நாள் ராஜாவே வந்துவிட்டார்.

பானை தொங்கியது. வேலாத்தாள் நின்றபடியே களை பிடுங்கினாள், கால் கடுத்ததும் சுவர் விளிம்பில் உட்கார்ந்து பிடுங்கினாள். ஒரு தரம்கூடக் குனியவில்லை. மிதிபடாத மண், இழுத்ததும் வேரோடு வந்தது. ஆனால் காட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் விதை சிந்தியது. பொறுக்கினாள். மறுபடி சிந்தியது. சொட்டு, சொட்டு, சொட்டு. கடைசி விதையை மூடியபோது பானையில் ஒரு கைத் தண்ணீர் மிச்சம்.

"செல்லாது!" என்று கத்தினான் மணியக்காரன். "இது பாத்தியில்லே, குட்டிச்சுவரு! இடிங்கடா!"

கடப்பாரை வந்தது. வேலாத்தாள் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். காட்டுப் பக்கம் எதுவோ அசைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கிறுக்கன் முன்னால் வந்தான். "மகாராஜா, ஆத்தா பாத்தியிலே களை இல்லே. மணியக்காரரு எடுத்துக்கிட்ட மூணு தோட்டத்தைப் பார்த்தீங்களா? களை முழங்கால் உசரம் நிக்குது. அதைப் பார்த்து மழை திரும்பிப் போகாதோ?"

ராஜா போய்ப் பார்த்தார். நின்றது.

"பானையை நிரப்புங்கள். மணியக்காரரே, குனியும்."

ஒரு களை பிடுங்கினான், மூச்சு வாங்கியது. இரண்டு பிடுங்கினான், கண் இருட்டியது. மூன்றாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பானை தீர்ந்தது.

"மகாராஜா, எனக்கு வயசாயிடுச்சு!"

"அவங்களுக்கும் அதுதானேய்யா ஆச்சு" என்றாள் வேலாத்தாள்.

குனிந்தவனைக் குனிந்தபடியே தூக்கிப் போனார்கள். புலி ஒரு தரம் உறுமியது. திரும்பி வந்த சேவகர்கள், முன்னே போன மூன்று பேரும் காட்டில் விட்ட மூன்று துருப்பிடித்த களைக்கொட்டுகளை ராஜாவின் காலடியில் வைத்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. அன்றோடு சட்டம் செத்தது.

அப்புறம் வயசானவர் வீடெல்லாம் இடுப்புயரப் பாத்தி. வேலாத்தாள் தொண்ணூறு வயசுவரை களை எடுத்தாள். மாடு கத்தினால் மட்டும் கை நிற்கும்.

அவ்வளவுதான். பானை காலி, கதையும் காலி. முதுகு வளையாவிட்டால் மண்ணை உயர்த்து, ஆளைத் தள்ளாதே. அப்படி உயர்த்தினவனை அப்புறம் யாரும் கிறுக்கன் என்று கூப்பிடவில்லை. அவன் பேர் சடையாண்டி.