தெருவைப் பார்த்த செருப்பு

குராசான் நாட்டின் ஓரத்தில் ஓர் ஊர். ஊர் என்று சொல்கிறேனே தவிர, பாதி இடிந்த சுவர்தான். பாட்டன் காலத்தில் மங்கோலியக் குதிரைப்படை வந்துபோனது. மலையிலிருந்து மண்ணுக்கடியில் தண்ணீர் கொண்டுவந்த சுரங்க வாய்க்காலை எங்கேயோ அடைத்துவிட்டு, அதன் தடம் தெரிந்தவர்களையும் கொன்றுபோட்டார்கள். அப்புறம் ஊரார் தோண்டாத இடமில்லை. தண்ணீர்தான் வரவில்லை.

அந்தக் கோடையில் வீடு வீடாக மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஊரிலிருந்த சூஃபி மடத்தின் மூத்த சீடன் பெஹ்ரூஸின் அக்காவும் கட்டிவிட்டாள்.

"ஹஜ்ரத், அந்தப் படை போய் எத்தனை காலமாச்சு! இந்தத் தாகம் மட்டும் ஏன் போகல?" என்று குருவிடம் கேட்டான் பெஹ்ரூஸ்.

அன்று மாலை குரு ஷேக் ஹம்தூன், மடத்துக்கு வந்த புதியவனுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அவன் பெயர் புகா. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மங்கோலியன்.

பெஹ்ரூஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்க்காலின் தடம் தெரிந்ததால் கொல்லப்பட்டவர்களில் அவன் பாட்டனும் ஒருவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சீடனைப் போகச் சொல்ல வேண்டுமானால் குரு வாய் திறக்கமாட்டார். அவன் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். அதைப் பார்த்தவன் போய்விட வேண்டியதுதான். கேள்வி கீள்வி கிடையாது.

சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் பெஹ்ரூஸ். ஒரு நாள் காலை, யாரும் பார்க்காத நேரத்தில், புகாவின் செருப்பைத் திருப்பி வைத்தான்.

புகா வந்து பார்த்தான். முகம் செத்துப்போனது. குருவின் அறைப்பக்கம் குனிந்து வணங்கினான், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

சாப்பாட்டு வேளையில் குரு கேட்டார்: "புகா எங்கே?"

"போயிட்டான்."

"நான் அனுப்பலையே."

பெஹ்ரூஸ் தலையைத் தூக்கவில்லை. குரு எழுந்தார். தன் செருப்பைத் தானே தெருவைப் பார்க்கத் திருப்பினார். மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பெஹ்ரூஸ் வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினான்.

"ஹஜ்ரத்! நான்தான் செஞ்சேன். போக வேண்டியவன் நான். நீங்க எங்கே போறீங்க?"

"அவனைத் தேடி. வர்றதானா வா."

தூசியில் புகாவின் செருப்புத் தடம் போன வழியே போனார்கள். மலையடியில் ஒரு பாறைமேடு. வெறும் பாறை என்று ஊரார் கைவைக்காத இடம் அது ஒன்றுதான். அங்கே இடுப்பளவுக் குழியில் நின்று, யார் வீட்டுக் கடப்பாறையோ, அதை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தான் புகா.

"இதை முடிச்சுட்டுப் போயிடுறேன் ஹஜ்ரத்," என்றான் மூச்சிரைக்க. "எங்க பாட்டன் சாகறப்போ சொன்னாரு, இங்கேதான் அடைச்சோம்னு. கல்லைப் போட்டு, ஆளையும் போட்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன். தினமும் வாயெடுப்பேன். இடத்தைச் சொன்னா, அடைச்சது யாருன்னும் சொல்லணுமே."

"உன்னை அவர் போகச் சொல்லல," என்றான் பெஹ்ரூஸ். "செருப்பைத் திருப்பினது நான்."

புகா அவனைப் பார்த்தான். கடப்பாறையை மறுபடி ஓங்கினான்.

குழிக்குள் அடுக்கிய கல் தெரிந்தது. கல்லிடுக்கில் மண் கறுத்து, ஈரமாக இருந்தது. பெஹ்ரூஸ் குழியோரம் மண்டியிட்டான்.

"எங்க பாட்டனும் இதுக்குள்ளதான் இருக்காரா?"

"இருப்பாரு. எலும்பு தட்டுப்பட்டா மெதுவா எடுத்துத் தர்றேன்."

பெஹ்ரூஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குழியின் வாயோரம் புகாவின் செருப்பு கிடந்தது, இன்னும் சாலையைப் பார்த்தபடியே. குனிந்து அதை மடம் இருக்கும் திசைக்குத் திருப்பி வைத்தான்.

"அங்கே வைக்காதே," என்றார் குரு. "நனைஞ்சுடும். மேட்டில எடுத்து வை."