மூச்சு விட மறந்தவள்

“கேட்கிறவங்களுக்குக்கூட ஏன் மேடம் ரெண்டு கரு வைக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார் சவரிமுத்து.

காலமெல்லாம் பிரசவம் பார்த்த டாக்டர் அவர். தலை நரைத்த பிறகு குழந்தையின்மைச் சிகிச்சையைப் படிக்க வந்திருந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் நசீமா அவரைவிட வயதில் நன்றாகவே இளையவர்.

நசீமா கோப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“வெளியே அந்தப் பொண்ணு கும்பிடாத குறையா கேக்குது. எத்தனை வருஷ ஏக்கம்! ஒரே பிரசவத்துல ரெட்டைப் பிள்ளை கிடைச்சா நல்லதுதானே? நான் எத்தனை ரெட்டை எடுத்திருக்கேன்!”

“எடுத்து?”

“எடுத்து... குழந்தைங்க டாக்டர்கிட்ட கொடுப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தாய்க்குத் தையல் போடுவேன்.”

“மாடிக்குப் போய் இசக்கியம்மாவைப் பார்த்துட்டு வாங்க சார்” என்றார் நசீமா.

இசக்கியம்மாளை அவருக்குத் தெரியும். அவர் பார்த்த பிரசவம்தான். ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. ஆண் ஒன்று, பெண் ஒன்று. இரண்டும் அழுதன. அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் அவள் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“நல்ல நேரத்துல வந்தீங்க சார். இவளைக் கொஞ்சம் நெஞ்சுச் சூட்டுல வச்சுக்கிடுங்க. இவுக அப்பா வேலைக்குப் போயிட்டாக. எனக்கு இருக்கிறது ஒரு நெஞ்சுதானே?”

மறுக்கத் தோன்றவில்லை. நர்ஸ் கை கழுவச் சொன்னாள். சட்டையைத் திறக்கச் சொன்னாள். பூனைக்குட்டி கனம்கூட இல்லாத ஒன்றை அவர் மார்பில் கிடத்திப் போர்த்தினாள்.

“பார்த்துக்கிடுங்க சார். மூச்சு விட மறந்துருவா.”

“என்னது?”

“மறந்துருவா. பாதத்தைச் சுண்டுனா ஞாபகம் வந்துரும்.”

இதற்கு மருத்துவத்தில் என்ன பெயர் என்று சவரிமுத்துவுக்குத் தெரியும். அந்தப் பெயரால் இப்போது ஒரு பயனும் இல்லை. சின்ன முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

முதுகு நின்றது.

அவர் மூச்சும் நின்றது. பாதத்தைச் சுண்டினார். மறுபடி சுண்டினார்.

ஒரு விக்கல் மாதிரி அசைந்து, முதுகு ஏறியது.

இசக்கியம்மாள் சிரித்தாள். “வேர்த்துட்டுதே சார் உங்களுக்கு! இப்பம் எவ்வளவோ தேவலை. மொதல்ல ரெண்டும் சேர்ந்து மறக்கும். எந்தக் காலைச் சுண்டன்னு தெரியாம நிப்பேன்.”

மகன் குடித்து முடித்துத் தூங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தபோது மார்பில் அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

கீழே நசீமாவின் அறையில் அந்தத் தம்பதி காத்திருந்தார்கள்.

“ரெண்டு வைப்பீங்கள்ல டாக்டர்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

நசீமா சவரிமுத்துவைப் பார்த்தார்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரும் வரட்டும்மா” என்றார். “ஒவ்வொருத்தரா வரட்டும்.”