மாடத்தி திரும்பிய விதம்

"மாடத்தியம்மா எல்லாத்துலயும் தேறிட்டாங்க மேடம். இன்னும் ஏன் வீட்டுக்கு விட மாட்டேங்கிறீங்க?"

ஜெபசிங் கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஜீனத் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஜெபசிங் பாளையங்கோட்டையில் நெடுங்காலம் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் நடத்தியவர். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று நடந்து வருகிறவர்களையே பார்த்துப் பழகியவர். கிளினிக்கை மூடிவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை எழுப்பி நிறுத்துவது வேறு வித்தை என்று தெரிந்தது. வார்டின் தலைமை பிசியோதெரபிஸ்ட் ஜீனத்திடம் போய், "எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

ஜீனத் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அவர் இவரை சார் என்றார். இவர் அவரை மேடம் என்றார். பாடம் அப்படித்தான் நடந்தது.

"நேத்து என்னென்ன செய்யச் சொன்னீங்க சார்?" ஜீனத் துண்டில் கை துடைத்தார்.

"நாற்காலியிலேந்து கை ஊன்றாம எந்திரிக்கணும். எந்திரிச்சாங்க. கண்ணை மூடி நிக்கணும். நின்னாங்க. கீழ கிடக்குற செருப்பைக் குனிஞ்சு எடுக்கணும். எடுத்தாங்க. நடந்து போய்த் திரும்பி வந்து உக்காரணும். தடுமாறல. டாக்டரும் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார்."

"நடக்கும்போது வார்டு எப்படி இருந்தது?"

"அமைதியா இருந்தது. எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

"நல்லது" என்றார் ஜீனத். ஆனால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லவில்லை.

*

மாடத்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமோனியா காய்ச்சலோடு வந்தவள். காய்ச்சலின் நடுவில் வீட்டில் விழுந்து நெற்றியில் தையலும் போட்டிருந்தது. துணிமணியெல்லாம் மஞ்சப்பையில் கட்டியாயிற்று.

ஜெபசிங்கைக் கண்டதும் கும்பிட்டாள்.

"மேடத்துட்ட சொல்லிட்டீங்களா சார்? எங்க வீட்டுக்காரவுக ஒத்தையில கெடக்காவ. கையும் காலும் விழுந்து மூணு வருசமாச்சு. எதுத்த வீட்டு புஷ்பலதாதான் கஞ்சி ஊத்துதா. அவளுக்கும் பிள்ள குட்டி இருக்குல்லா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெபசிங் ஜீனத்திடம் திரும்பி வந்தார்.

"மேடம், அந்தம்மா அழுறாங்க. தேர்வுல தேறினவங்களைப் பிடிச்சு வச்சா அந்தத் தேர்வு எதுக்கு?"

ஜீனத் எழுந்தார். "வாங்க. இன்னொரு தடவை பாத்துருவோம்."

*

மாடத்தியின் இடுப்பில் ஜீனத் பெல்ட்டைக் கட்டினார். நோயாளி சாய்ந்தால் இழுத்துப் பிடிப்பதற்கான அகலமான பட்டை அது.

"பின்னாடி நின்னு நீங்க பிடிச்சுக்கோங்க சார். லேசா இல்ல. நல்லா."

ஜெபசிங் பிடித்தார். நேற்று இதையெல்லாம் அந்தம்மா தனியாகவே செய்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

மாடத்தி எழுந்தாள். நடந்தாள். ஒரு பிசகும் இல்லை. நல்ல மாணவியைப் போல நேரே பார்த்து நடந்தாள்.

ஜீனத் தன் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு மாடத்திக்குப் பின்பக்கமாக நீட்டினார்.

"ஏளா மாடத்தீ!"

ஓர் ஆணின் குரல். குழறலாக, உரத்து, பிடரியில் அடித்தாற்போல வந்தது.

"இந்தா வந்துட்டேன்!"

மாடத்தியின் தலையும் தோளும் வெடுக்கென்று திரும்பின. கால்கள் மட்டும் போன திசையிலேயே நின்றன. உடம்பு முறுக்கிக்கொண்டு சரிந்தது. ஜெபசிங்கின் கையில் பெல்ட் சுண்டியது. அவர் முழு பலத்தோடு இழுத்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார்.

வார்டே பார்த்தது.

ஜீனத் போனில், "அப்புறம் கூப்பிடுறேன் ஐயா" என்று சொல்லி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மாடத்தியை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பயந்துட்டீங்களா?"

மாடத்தி இல்லை என்று தலையாட்டினாள்.

"நேத்து சாயங்காலம் போன் வந்தப்ப பாத்தேன்" என்றார் ஜீனத், ஜெபசிங்கிடம். "இவங்க வீட்டுக்காரர் குரல் கேட்டதும் ட்ரிப்ஸ் ஊசியோட கட்டிலிலேந்து குதிச்சாங்க."

ஜெபசிங் மாடத்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுல எப்படிம்மா விழுந்தீங்க?"

"தண்ணில வழுக்கிட்டுன்னு சொன்னம்லா."

"எப்படி விழுந்தீங்க?"

அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்படியில நின்னேன். கூப்பிட்டாவ. திரும்புனேன். அவ்வளவுதான் தெரியும்." சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுகட்ட சொல்லிராதீங்க சார். தண்ணில வழுக்குனேன்னுதான் நெனச்சிட்டு இருக்காவ. தெரிஞ்சா பெறவு கூப்பிடவே மாட்டாவ. தாகத்துல நாக்கு ஒட்டுனாலும் கூப்பிட மாட்டாவ. எனக்குத் தெரியும்."

*

"புரிஞ்சுது மேடம்" என்றார் ஜெபசிங், வராந்தாவில். "இனி சத்தம் போட்டே பழக்குறேன்."

அன்று முழுதும் பழக்கினார். பேசிக்கொண்டே நடக்க வைத்தார். பின்னாலிருந்து கூப்பிட்டார். நர்சைக் கூப்பிடச் சொன்னார். முதலில் கால், பிறகு உடம்பு, பிறகு தலை என்று திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். யார் கூப்பிட்டாலும் நின்று, கால் மாற்றி, பதமாகத் திரும்பினாள்.

சாயங்காலம் போனில் அவள் கணவர் கூப்பிட்டார். தலை வெடுக்கென்று திரும்பியது.

மறுபடி பெல்ட்தான் அவளைக் காப்பாற்றியது.

"நீங்க கூப்பிட்டா நெனவு இருக்கு சார்" என்றாள் மாடத்தி, வெட்கத்தோடு. "அவுக கூப்பிட்டா நெனவுல இல்ல. கால்ல கேக்குது."

ஜெபசிங் ஜீனத்தின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"என்னால முடியல மேடம். அவங்களுக்கு இன்னும் என்ன சொல்லிக் கொடுக்கணும்?"

ஜீனத் மேசைமேல் இருந்த தன் போனை அவர் பக்கமாக நகர்த்தினார்.

ஜெபசிங் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் அவர்கிட்ட என்ன சொல்றது? உண்மையச் சொன்னா அவர் வாயடைச்சுப் போவாரு. சொல்லலைன்னா இவங்க விழுவாங்க."

ஜீனத் அடுத்த நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

*

மறுநாள் காலை ஜெபசிங் மாடத்தியின் கணவர் பட்டமுத்துவோடு போனில் தனியாகப் பேசினார். புஷ்பலதா போனைக் கிழவரின் காதருகே வைத்திருந்தாள்.

"ஐயா, நான் ஆஸ்பத்திரியிலேந்து பேசுறேன்."

"அவ எப்ப வருவா?" சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. "கூப்பிட்டா ஓடி வந்துருவா சார். கல்யாணமான நாள்லேந்து அப்படித்தான். ஒருக்கா கூப்பிட்டா போதும்."

பெருமையோடு சொன்னார். படுத்த படுக்கையில் அவருக்கு மிச்சமிருந்த பெருமை அது என்று ஜெபசிங்குக்குத் தோன்றியது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

"உங்களுக்குப் பேச்சுப் பயிற்சி யாராவது கொடுத்தாங்களா ஐயா?"

"எனக்கு யாரு சார் கொடுப்பா?"

"நான் தரேன். நெஞ்சு நிறைய மூச்சு இழுங்க. விடுங்க. இழுங்க. இப்ப ஒவ்வொரு எழுத்தா, தாலாட்டுற மாதிரி இழுத்துச் சொல்லணும். அவசரப்பட்டாத்தான் நாக்கு குழறும். வீட்டுல என்ன சொல்லு அடிக்கடி சொல்லுவீங்க?"

மறுமுனையில் கிழவர் செருமினார்.

"வேற என்னத்தச் சொல்லுவேன்? அவ பேருதான்."

"அதையே சொல்லுவோம். மெதுவா."

"மாட..." நின்றுபோயிற்று. இருமல். "மா... ட... த்தி..."

"இன்னும் மெதுவா ஐயா. பேரு முழுசாக் கேக்கணும்."

அன்றும் மறுநாளும் போன் சூடாகும்வரை பேசினார்கள். பட்டமுத்துவின் நாக்கு உண்மையாகவே கொஞ்சம் இளகியது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டுகிறார் என்று புஷ்பலதா சிரித்தாள்.

*

அதற்கடுத்த காலை, மாடத்தி பெல்ட்டோடு நின்றாள். கையில் பாதித் தண்ணீரோடு ஒரு தம்ளர். ஜெபசிங் பின்னால் பிடித்துக்கொண்டார். ஜீனத் சுவரோரம் நின்றார்.

அவள் நடந்தாள்.

போனிலிருந்து குரல் வந்தது.

"மா... ட... த்தி..."

அவள் நின்றாள்.

தலை திரும்பவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். கூப்பிடுவது யார் என்று அவளுக்கே சந்தேகம் வந்தாற்போலிருந்தது.

"மா... ட... த்தி..."

வலது கால் எழுந்து பக்கவாட்டில் பதிந்தது. இடது கால் அதோடு சேர்ந்தது. பிறகு இடுப்பு. பிறகு தோள். கடைசியாக முகம். அந்த முகத்தில், கல்யாண வீட்டில் யாரோ பெயர் சொல்லி அழைத்த பெண்ணின் நாணம் இருந்தது.

தம்ளரில் தண்ணீர் அலம்பவில்லை.

ஜெபசிங் பெல்ட்டிலிருந்து கையை எடுத்திருந்தார். எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாடத்தி போனைப் பார்த்துச் சொன்னாள்:

"வாரேன். செத்த இருங்க."