இரண்டாவது பொட்டலம்

செல்லக்கிளிக்கு இடுப்புவலி கண்டு ஒரு பகல் முழுக்க ஓடிவிட்டது. பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் வண்டி தயாராக நின்றது. மாமியார் காத்தாயியோ நிலைப்படியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தாகிட்ட பூக் கேக்காம எம் மருமக படி தாண்டக் கூடாது. மூத்த மருமக அப்பிடித்தான் கேக்காமப் போனா. பொணமாத்தான் வந்தா."

மடத்திலிருந்து குருவோடு வந்திருந்த பூரணி உள்ளறைப் பக்கம் காது கொடுத்தாள். துறவுக்கு வருமுன் அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். உள்ளேயிருந்து வரும் முனகல் மெலிந்துகொண்டே போனால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"தாயே, நீங்களாவது சொல்லுங்கள். பூவுக்கு என்ன தெரியும்? சிவப்பு வந்தால் இரண்டு உயிர் போச்சு!" என்று குருவின் காதில் பதறினாள்.

குரு மெய்யம்மை அவளைவிட வயதில் இளையவர். அவர் காத்தாயியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே முனகல் கேட்கும்போதெல்லாம் காத்தாயி நிலைப்படியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பொட்டலம் நான் கட்டுகிறேன், காத்தாயி."

"நீங்க கட்டினா சரிதான் சாமி. ஒண்ணுல வெள்ளை அரளி, ஒண்ணுல செவப்பு. வெள்ளைன்னா போகட்டும். செவப்புன்னா, நீங்களே கால்ல விழுந்தாலும் விடமாட்டேன்."

மெய்யம்மை அரளிச் செடிப் பக்கம் போய்த் திரும்பினார். பூவரச இலையில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களை வாசலோரத்து அம்மன் காலடியில் வைத்தார். காத்தாயி கண்ணை இறுக மூடி ஒன்றை எடுத்தாள். நார் அவிழ மாட்டேன் என்றது.

வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! தூக்குங்கப்பா, பாத்து!"

காத்தாயியையும் ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போடுவது வழக்கம். கொண்டுபோன பூரணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பிரித்துவிட்டாள்.

அதுவும் வெள்ளை.

பூரணி பூவை நம்பாதவள்தான். ஆனாலும் அம்மன் இருந்த பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. மெய்யம்மை பின்னாலேயே வந்திருந்தார்.

"தாயே... ஆத்தாளையே ஏமாற்றிவிட்டீர்களே!"

"உனக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லையே, அக்கா."

"எனக்கு இல்லை. உங்களுக்கு உண்டே! பயமாக இல்லையா?"

"இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை."

"அம்மனிடம் பயமில்லையா என்று கேட்கிறேன்."

மெய்யம்மை பொட்டலத்தை வாங்கி, பழையபடி மடித்துக் கிணற்றில் போட்டார்.

"அவளும் தாய். 'சாகட்டும்' என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத சொல்லை எதற்குப் பொட்டலம் கட்டுவது?"